கழட்ட முதல் கேளுங்கோ

"தம்பி, ஹெட்டை இறக்கினாத்தான் சொல்லலாம்."

என்ட முதல் பைக்குக்கு முதல் வருத்தம் வந்த அன்று எனக்குக் கிடைத்த தீர்ப்பு இது. பழைய 100 சிசி பைக், மூன்றாம் கையாக என்னிடம் வந்தது. ஒருநாள் காலமை ஸ்டார்ட் பண்ண, எஞ்சினுக்குள் 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம். அக்ஸிலேட்டரைத் திருகினால் சத்தமும் சேர்ந்து ஓடியது. வேலைக்குப் போகிற வழியில் ஒரு கராச்சில் விட்டேன். அங்கே நின்றவர் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணினார், பத்துச் செக்கன் கேட்டிருப்பார், ஓஃப் பண்ணிவிட்டார். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நானும் "சத்தம் வருது, பாருங்கோ" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் போனபோது என்ட எஞ்சினின் மேல்பாதி ஒரு சாக்கின் மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. புதுப் பிஸ்டன், புது ரிங், போர் அடிக்கிற கூலி, வால்வு அரைக்கிற கூலி என்று பில் நீண்டது. அந்த மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது.

பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். முதல் சந்தி தாண்டவில்லை. 'டிக் டிக் டிக்.'

இரண்டு நாள் கழித்து, எங்கட ஒழுங்கையில் தகரக் கொட்டிலுக்குள் வேலை செய்கிற ஒரு வயதான மெக்கானிக்கிடம் உருட்டிக்கொண்டு போனேன். அவர் ஸ்பனரைத் தொடவே இல்லை. பீடியை அணைத்துவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினார். "காலமை குளிரில கூடவோ, சூடானாப் பிறகு கூடவோ?" "கிளச்சைப் பிடிச்சா மாறுதோ?" "பின்னால ஒராள் இருந்தா?" எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. "அப்ப ஒரு ரவுண்ட் ஓடிப்போட்டு வந்து சொல்லும்" என்றார். ஓடினேன், கேட்டேன், திரும்பி வந்து சொன்னேன்: குளிரில் கூட, கிளச்சுக்கு மாற்றம் இல்லை, பாரம் ஏறினால் நல்லாக் கூடுகிறது. அவர் குனிந்து, சைலன்சர் குழாய் எஞ்சினில் பூட்டுகிற இடத்தை டோர்ச் அடித்துப் பார்த்தார். அந்த மூட்டைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. புகை அதற்குள்ளால் கசிந்துகொண்டிருந்தது. ஹெட்டை இறக்கியவர்கள் குழாயைக் கழட்டிப் பூட்டும்போது அந்த நசுங்கின பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டிருந்தார்கள். எஞ்சினிலேயே மலிவான சாமான்களில் அதுவும் ஒன்று. மாற்றினார். சத்தம் நின்றது.

தமிழில் 'கேள்' என்ற சொல்லுக்கு இரண்டு கருத்து. காதால் கேட்பதும் கேள்; வினாவைக் கேட்பதும் கேள். எஞ்சின் சத்தத்தைப் பொறுத்தவரை இந்த இரண்டும் ஒரே வேலைதான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. முதல் கராச்சில் இரண்டு கேட்டலும் நடக்கவில்லை. அதற்கு அவர்கள் மட்டும் பொறுப்பில்லை. பைக்கோடு ஒவ்வொரு நாளும் இருப்பது நான். அந்தச் சத்தம் எப்போது தொடங்கியது, எதற்குக் கூடியது, எதற்குக் குறைந்தது என்று அறியக்கூடிய ஒரே சாட்சி நான்தான். சாட்சி வாயைத் திறக்காத இடத்தில் எஞ்சினைத்தான் திறப்பார்கள்.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான்: சத்தத்தைக் கண்டுபிடிக்கிற வேலையில் பாதி ஓட்டுகிற ஆளுடையது. அதற்கு மெக்கானிக்காக இருக்கத் தேவையில்லை. நாலைந்து கேள்விகளை ஒழுங்காகக் கேட்கத் தெரிந்தால் போதும்.

முதல் வேலை, எஞ்சினை விட்டுவிட்டு வெளியில் இருப்பவற்றைப் பார்ப்பது. நம்பர் பிளேட், சைலன்சர் மேல் இருக்கிற சூட்டுத் தகடு, மட்காட், சைட் ஸ்டாண்ட் ஸ்பிரிங், செயின் கவர். இவற்றில் ஒரு நட்டு இளகினாலே எஞ்சின் உடைகிற மாதிரிச் சத்தம் வரும். ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வைத்துவிட்டு, சூடாகாத தகடுகளைக் கையால் ஒவ்வொன்றாக அமத்திப் பாருங்கள். அமத்தும்போது சத்தம் நின்றால் ஆளைப் பிடித்தாயிற்று. சைலன்சரில் மட்டும் கை வைக்க வேண்டாம், சுட்டுவிடும். அதை எஞ்சின் ஆறினாப் பிறகு ஆட்டிப் பாருங்கள். பிறகு ஒயில். சின்ன பைக்குகளில் மொத்தமே ஒரு லீற்றர் அளவுதான் இருக்கும். அதில் கொஞ்சம் குறைந்தாலும் எஞ்சின் சொல்லிக் காட்டும். பைக்கை நேராக நிறுத்திப் பார்க்கவேண்டும். சைட் ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்தால் பொய்க் கணக்குத்தான் வரும்.

அடுத்த கேள்வி: சத்தம் எஞ்சினோடு ஓடுகிறதா, சில்லோடு ஓடுகிறதா? வாகனம் இல்லாத நேரான ரோட்டில் ஒரு வேகத்தில் போய்க்கொண்டே கிளச்சைப் பிடித்து அக்ஸிலேட்டரை விடுங்கள். எஞ்சின் வேகம் உடனே குறையும், பைக்கின் வேகம் அப்படியே இருக்கும். சத்தமும் அதே வேகத்தில் தொடர்ந்தால் அது எஞ்சினே இல்லை. செயின், செயின் சில்லு, சில்லுப் பெயாரிங், பிரேக், இவற்றில் ஒன்று. செயின் தொய்ந்து கவரில் அடிக்கிற சத்தத்துக்கு எஞ்சின் பிரித்த கதைகளை நானே இரண்டு மூன்று கேட்டிருக்கிறேன்.

எஞ்சினோடுதான் ஓடுகிறது என்றால், நிறுத்தி வைத்து நியூட்ரலில் கிளச்சைப் பிடித்துப் பாருங்கள். கிளச்சை விட்டிருக்கும்போது கேட்கிற சத்தம், பிடித்ததும் நின்றால் அல்லது நல்லா மாறினால், வில்லங்கம் கிளச் பக்கமோ கியர்பொக்ஸ் பெயாரிங் பக்கமோ இருக்கிறது. ஏனென்றால் கிளச்சைப் பிடித்ததும் எஞ்சினின் சுற்று கியர்பொக்ஸுக்குப் போவது நின்றுவிடும். அந்தச் சத்தத்துக்காக யாராவது ஹெட்டை இறக்கவேண்டும் என்று சொன்னால், "ஏன்?" என்று கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஸ்கூட்டியில் கையால் பிடிக்கிற கிளச் இல்லை. அங்கே ஒரு பக்க மூடிக்குள் ஓடுகிற பெல்ட், ரோலர்களைத்தான் முதலில் சந்தேகப்படவேண்டும்.

மூன்றாவது, குளிரா சூடா? காலமை ஸ்டார்ட் பண்ணும்போது வெறும் பானையைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்து, ஐந்து நிமிடத்தில் சூடேற மறைந்தால், அது அநேகமாகப் பிஸ்டன் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆடுகிற சத்தம். சூட்டில் பிஸ்டன் விரிந்து இடைவெளி குறைய, சத்தமும் குறைகிறது. தேய்மானம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆனால் நாளைக்கே பிரிக்கவேண்டும் என்று அர்த்தம் இல்லை. இதற்கு மாறாக, சூடாகச் சூடாகக் கூடிக்கொண்டு போகிற 'டொக் டொக்' என்ற கனத்த சத்தம் வேறு கதை. சூட்டில் ஒயில் தண்ணியாகும். தேய்ந்த பெயாரிங்கில் இருக்கிற இடைவெளியை அந்தத் தண்ணி ஒயிலால் தாங்க முடியாது. அடி எஞ்சினில் இருந்து, பாரத்தோடு கூடுகிற அந்தச் சத்தம் கேட்டால் வீடு மட்டும் ஓடிப் பார்ப்போம் என்று நினைக்க வேண்டாம். இறங்கி உருட்டுங்கள். ஓடினால் இன்னும் ஐந்து கிலோமீற்றரில் செலவு இரண்டு மடங்காகும், சில நேரம் எஞ்சின் இறுகிச் சில்லே நின்றுபோகும்.

நாலாவது, பாரம். யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை, ஏற்றமும் இல்லை. பின்னால் ஒராள் ஏறினால் அதுதான் எங்கட ஏற்றம். மேல் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே அக்ஸிலேட்டரை முழுக்கத் திருகும்போது, தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம் வந்து, கியரைக் குறைத்ததும் நின்றால், அங்கே எதுவும் உடையவில்லை. பெற்றோல் எரியவேண்டிய முறையில் எரியாமல் கட்டுப்பாடில்லாமல் வெடிக்கிறது. எஞ்சினுக்குள் கரி சேர்ந்திருக்கலாம், அளவுக்கு மேல் சூடாகியிருக்கலாம், பெற்றோலில் கலப்படம் இருக்கலாம், அல்லது பிழையான கியரில் எஞ்சினை இழுக்கவைக்கிற எங்கட பழக்கமாகவே இருக்கலாம். அதை அப்படியே விட்டால் ஒருநாள் பிஸ்டனைத் தின்றுவிடும்.

கடைசியாக, தாளம். எங்கட பைக்குகளில் அநேகமானவை ஒற்றைச் சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக். ஐட்லில் கிராங்க் நிமிடத்துக்கு 1400 தரம் சுற்றினால், ஒவ்வொரு வால்வும் அதில் பாதி, 700 தரம்தான் திறக்கும். இதைக் காதால் எண்ண முடியாதுதான். ஆனால் சைலன்சரின் 'டப் டப்'போடு ஒத்துப் போகிற சத்தமா, அதைவிட வேகமானதா என்று பழகினால் பிரித்தறியலாம். டெப்பட், அதாவது வால்வுக்கும் அதை அமத்துகிற ரொக்கர் கைக்கும் இடையில் விடுகிற மயிரிழை இடைவெளி, கூடிப்போனால் வருகிற 'டிக்', சைலன்சரின் தாளத்தில்தான் அடிக்கும். குழாய் மூட்டில் புகை கசிந்தாலும் அதே தாளம்தான். அதனால்தான் என்ட பைக்கில் ஒன்றை மற்றதாக எடுத்தார்கள். ஆனால் கசிவு பாரத்தோடு கூடும், மூட்டில் கரி வைக்கும். டெப்பட் சத்தம் பாரத்தை அவ்வளவாகக் கவனிக்காது. இரண்டு கேள்வி, ஒரு டோர்ச். அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

டைமிங் செயின் தொய்ந்தால் வருவது வேறு மாதிரி. சங்கிலி ஒன்றைத் தகரத்தில் போட்டு இழுக்கிற சரசரப்பு, எஞ்சினின் ஒரு பக்கத்தில், ஐட்லிலும் அக்ஸிலேட்டரை விடும்போதும் நல்லாக் கேட்கும். எந்தப் பக்கம் என்பது பைக்குக்குப் பைக் மாறும். இதற்கு அந்த ஐயா செய்ததை நீங்களும் செய்யலாம்: நீளமான ஸ்குரூ ட்ரைவரின் நுனியை எஞ்சினின் ஓடாத பாகத்தில் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கிற எலும்பில் வைத்தால், எந்த இடத்தில் சத்தம் கூட என்று ஆச்சரியப்படுகிற அளவுக்குத் தெளிவாகக் கேட்கும். சால்வை, நீளமான தலைமயிர், தளர்ந்த சட்டைக்கை எதுவும் செயின் பக்கம் தொங்கக் கூடாது. 1816இல் பிரான்சில் லென்னெக் என்ற வைத்தியர் ஒரு கடதாசியைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டுத்தான் ஸ்டெதஸ்கோப் பிறந்தது. நெஞ்சைப் பிளக்காமல் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிவதற்குத்தான் அந்தக் குழாய். எங்கட ஸ்குரூ ட்ரைவரும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டு "சத்தம் இல்லாட்டிப் பிரச்சினை இல்லை" என்று நினைத்துவிடவும் வேண்டாம். டெப்பட் இடைவெளி அளவுக்கு மேல் குறைந்துபோனால் எஞ்சின் நல்ல அமைதியாக ஓடும். ஆனால் வால்வு முழுதாக மூடாது. சூடு இறங்க வழியில்லாமல் ஓரம் கருகும். "சத்தமே வராமல் இறுக்கிவிடுங்கோ" என்று கராச்சில் நாங்களே கேட்டு வாங்குகிற வருத்தம் இது. கொஞ்சம் 'டிக்' கேட்பது சுகமான எஞ்சினின் இயல்பு.

சரி, இதெல்லாம் மெக்கானிக்குகளுக்குத் தெரியாதா? கனபேருக்கு நல்லாத் தெரியும். அப்படியென்றால் ஏன் கேட்காமல் கழட்டுகிறார்கள்? இதற்கான பதில் எங்களுக்கு அவ்வளவு பிடிக்காது. நாங்கள் காசு கொடுப்பது சாமானுக்கு. கேட்பதற்கு இல்லை. அரைமணித்தியாலம் கவனமாகக் கேட்டு, ஒரு நட்டை இறுக்கிவிட்டு "ஆயிரத்தைந்நூறு தாரும்" என்று ஒருவர் சொன்னால், "ஒரு நட்டு இறுக்கினதுக்கோ?" என்று சண்டைக்குப் போவோம். அதே ஆள் ஒரு பெட்டி பழைய சாமானைக் கழட்டிக் கையில் தந்தால், வாயைப் பொத்திக்கொண்டு அதைப்போலப் பத்து மடங்கு கொடுத்துவிட்டு வருவோம். அந்த ஐயாவிடம் நானும் அப்படித்தான் நடந்தேன். "கேஸ்கட் காசைத் தாரும், காணும்" என்றார். நானும் அதை மட்டும் கொடுத்துவிட்டு, என்ன நல்ல மனிசன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அவரின் காதுக்கு நான் கொடுத்தது பூச்சியம். கழட்டினவருக்குக் கொடுத்தது அரைச் சம்பளம். இப்படி இருந்தால் அடுத்த தலைமுறை மெக்கானிக் எந்த வேலையைப் பழகுவான்?

அந்தக் காது சும்மா வந்ததும் இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில், கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடின தலைமுறை அது. மண்ணெண்ணெயில் எஞ்சின் இடிக்கும், கரி பிடிக்கும், எரியாமல் மிஞ்சுவது ஒயிலோடு கலந்து அதைத் தண்ணியாக்கும். மாற்றிப் போடச் சாமானும் இல்லாத அந்த நாட்களில், கழட்ட முதல் நல்லாக் கேட்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. எங்கட காலத்துக்கும் ஒரு சின்னப் பாடம் வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, பழைய பைக்குகள் பொன்னாகின. 2022இல் கியூஆர் அட்டையைக் காட்டிக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம். புதிது வாங்கலாம் என்ற எண்ணமே இல்லாத அந்த வருடங்களில் இருக்கிற எஞ்சினைக் காப்பாற்றத் தெரிந்தவர்கள்தான் எங்களை ஓடவைத்தார்கள். இருந்தும் வீடுகளில் இன்னும் "படிக்காட்டிக் கராச்சிலதான் நிப்பாய்" என்றுதான் பிள்ளையை வெருட்டுகிறோம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. என்ட தங்கச்சி அவளின் ஸ்கூட்டியைக் கராச்சுக்குக் கொண்டுபோனால், "அண்ணாவை வரச்சொல்லுங்கோ" என்கிறார்கள். அந்த ஸ்கூட்டியை நான் மாதத்தில் ஒருநாள்கூட ஓடுவதில்லை. சத்தத்தைக் கேட்டவள் அவள். எந்த வேகத்தில் தொடங்குகிறது, மழை நாளில் கூடவா என்று சொல்லக்கூடியவள் அவள். அவளிடம் கேட்காமல் என்னிடம் கேட்கிற மெக்கானிக், அரைவாசித் தகவலை வாசலிலேயே எறிந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார். பெண்கள் இதைச் சும்மா விடக் கூடாது என்பது என்ட கருத்து. போகமுதல் நாலு வரி எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது, எங்கே, எதற்குக் கூட, எதற்குக் குறைய. அதை வாசித்துக் காட்டினால் அண்ணாவைக் கூப்பிடுகிற கதை நின்றுவிடும்.

"இப்ப எல்லாம் ஸ்கேனர் போட்டுப் பாக்கலாம்தானே" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எஃப்ஐ பைக்குகளில் ஸ்கேனர் நல்ல உதவிதான். ஆனால் அது வாசிப்பது சென்சர்கள் சொல்வதை. இளகின டெப்பட்டுக்கும், கசிகிற கேஸ்கட்டுக்கும், தொய்ந்த டைமிங் செயினுக்கும் பொதுவாக எங்கட சின்ன பைக்குகளில் சென்சர் கிடையாது. போனில் சத்தத்தைப் பதிந்து அனுப்புவதும் அப்படித்தான். எப்போது வந்தது என்று காட்ட உதவும், பழைய பதிவோடு ஒப்பிட உதவும். ஆனால் போனின் மைக் தனக்குத் தேவையில்லை என்று நினைக்கிற சத்தங்களை அமத்திவிடும். எந்த இடத்தில் இருந்து வருகிறது என்றும் சொல்லாது.

நாளைக்குக் காலமை ஒரு வேலை செய்யுங்கள். பைக்கில் எந்தப் பிரச்சினையும் இல்லாத நாளாக இருந்தால் இன்னும் நல்லம். ஹெட்செட்டைக் கழட்டிவிட்டு ஸ்டார்ட் பண்ணி, இரண்டு நிமிடம் பக்கத்தில் நின்று கேளுங்கள். இடப் பக்கம், வலப் பக்கம், கிளச்சைப் பிடித்து, விட்டு. சுகமாக இருக்கும்போது அது எப்படிக் கதைக்கும் என்று தெரிந்தால்தான், குரல் மாறுகிற நாளில் பிடிக்கலாம். அப்படிக் குரல் மாறின பைக்கோடு கராச்சுக்குப் போகிற அன்று, கழட்டாமல் கேட்டுச் சொன்ன ஆளுக்கு, கேட்டதற்கென்றே ஒரு காசு கொடுங்கள்.

நான் பிறகொருநாள் அந்த ஐயாவிடம் போய்க் கொடுத்தேன். "இது என்னத்துக்கு?" என்றார். "அண்டைக்குக் கேட்டதுக்கு" என்றேன். காசை எண்ணாமல் சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டு, வாசலில் நின்ற பைக்கைக் காட்டி, "செயின் தொய்ஞ்சு போச்சு. வரேக்க கேட்டது" என்றார்.